'ரிசல்ட் நல்லா இருக்கு': அரசுப் பள்ளிகளை ஒப்பிடும் கணக்கு

தமிழ்நாட்டில் எந்த அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் அறைக்குப் போனாலும் சுவரில் ஒரு பலகையைப் பார்க்கலாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பெயின்டால் கட்டம் போட்டிருக்கும்: ஆண்டு, தேர்வு எழுதியோர், தேர்ச்சி பெற்றோர், சதவீதம், முதல் மதிப்பெண், அதை எடுத்தவர் பெயர். பழைய பள்ளியாக இருந்தால் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்த 1980-லிருந்தே வரிசை ஓடும். இடம் போதாமல் கடைசி வரிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே வருகிற பெற்றோரின் கண் நேராக நான்காவது கட்டத்துக்குப் போகும். ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண்ணும் அங்கேதான் போகும். நான் பார்த்த பலகை எதிலும் இல்லாத கட்டம் ஒன்று உண்டு: இந்த வகுப்பு ஒன்பதாவதில் இருந்தபோது இதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது.

ஓர் ஊரில் இரண்டு மூன்று அரசுப் பள்ளிகள் இருந்தால் அவற்றை ஒப்பிடாமல் யாராலும் இருக்க முடியாது. ஒப்பிடுவதில் தப்பும் இல்லை. ஆனால் ஒப்பிடுகிறவர்கள் ஆளுக்கொரு கேள்வியோடு வருகிறார்கள். பிள்ளையை எங்கே சேர்த்தால் நன்றாகப் படிப்பான் என்பது பெற்றோரின் கேள்வி. எந்தப் பள்ளி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பது முதன்மைக் கல்வி அலுவலரின் கேள்வி. கூடப் படிக்கிற பிள்ளைகள் யார் என்பது பெற்றோருக்கு முக்கியம். அதிகாரியோ அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டியவர். இரண்டு பேருக்கும் நாம் ஒரே எண்ணைக் கொடுத்து அனுப்புகிறோம். தேர்ச்சி சதவீதம் என்ற அந்த எண் இருவரின் கேள்விக்குமே பதில் ஆகாது என்பதுதான் என் வாதம். அதற்காக அந்த எண்ணைத் தூக்கி எறியவும் முடியாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எண்கள். 2025 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய 7,92,494 பேரில் 7,53,142 பேர் தேறினார்கள். 95.03 சதவீதம். அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 91.94. அதற்கு முந்தைய ஆண்டு மொத்தத் தேர்ச்சி 94.56, அரசுப் பள்ளிகள் 91.02; அதற்கும் முந்தைய ஆண்டு 94.03, அரசுப் பள்ளிகள் 89.80. ஏறுமுகம்தான். பத்தாம் வகுப்பிலும் அப்படியே: அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 2023-ல் 87.45, 2025-ல் 91.26. மகிழ்ச்சியான செய்தி, ஒப்பிட உட்காருகிறவருக்கு மட்டும் சங்கடம். எல்லாரும் 90-ஐத் தாண்டி நிற்கும்போது பள்ளிக்கும் பள்ளிக்கும் உள்ள இடைவெளி நாலைந்து பிள்ளைகளாகச் சுருங்கிவிடுகிறது. 2025 பிளஸ் டூவில் 436 அரசுப் பள்ளிகள் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டின. 436 பள்ளிகளும் முதலிடம். அவற்றுக்குள் எது நல்ல பள்ளி என்று கேட்டால் சதவீதம் வாயைத் திறக்காது.

பெரும்பாலான தாலுகா தலைநகரங்களில் ஓர் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியும் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் இருக்கும். பல ஊர்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு தெருதான். ரிசல்ட் வரும் மே மாதத்தில் டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்காரர்கள் சொல்லும் தீர்ப்பு ஒன்றே: "கேர்ள்ஸ் ஸ்கூல் நல்லா இருக்கு, பாய்ஸ் ஸ்கூல் கெட்டுப்போச்சு." பெண்கள் பள்ளியில் கட்டுப்பாடு அதிகம், தலைமையாசிரியை கெட்டிக்காரர் என்று காரணங்களும் சொல்வார்கள். அதெல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மாநிலம் முழுக்கவே 2025 பிளஸ் டூவில் மாணவிகளின் தேர்ச்சி 96.70, மாணவர்களின் தேர்ச்சி 93.16. 2023 பத்தாம் வகுப்பில் 94.66-க்கு 88.16, ஆறரைப் புள்ளி வித்தியாசம். பிள்ளைகள் பள்ளி வாசலுக்குள் காலை வைக்கும்போதே இந்த இடைவெளி கூட வருகிறது. ஆண்கள் பள்ளி ஒன்று 91 சதவீதம் எடுத்திருந்தால் மாநில அளவில் ஆண் பிள்ளைகள் எடுப்பதைவிட அதிகமா குறைவா என்று பார்ப்பதுதான் முறை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் உள்ள 96-ஐப் பார்த்து அவமானப்பட அந்தத் தலைமையாசிரியருக்கு ஒரு காரணமும் இல்லை. இருந்தும் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்வது பெரும்பாலும் அவர்தான்.

அடுத்தது குரூப். இதை வெளியார் அவ்வளவாகக் கவனிப்பதில்லை, ஆசிரியர்களுக்கு மனப்பாடம். பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேற மொத்தம் 35 வேண்டும். அதில் எழுத்துத் தேர்வில் 15-ஆவது இருக்க வேண்டும். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் பள்ளிகள் கைநிறையத்தான் போடுகின்றன. 30-க்கு 28 கையில் இருக்கும் பையன் இயற்பியல் தாளில் 70-க்கு 15 எடுத்தால் கரையேறிவிடுவான். செய்முறை இல்லாத வணிகவியல் தாளில் 90-க்கு 25 தேவை. ஆகவே முதல் குரூப்பில் பிள்ளைகளை நிரப்பிய பள்ளிக்குத் தேர்ச்சிக் கோடு கொஞ்சம் தாழ்ந்தே இருக்கிறது. அந்தக் குரூப்பில் சேர்வதே பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிற்கல்விப் பிரிவை இன்னமும் மூடாமல் நடத்தும் பள்ளியின் கதை நேர் எதிர். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களை அது ஏற்றுக்கொள்கிறது. அறிவியல் பிரிவைவிடத் தொழிற்கல்விப் பிரிவின் தேர்ச்சி ஒவ்வோர் ஆண்டும் குறைவு. அந்தக் குறைவு பள்ளியின் கணக்கில் ஏறுகிறது. நல்ல காரியத்துக்கு அபராதம் கட்டுவது என்பது இதுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் வகுக்கிற இடத்தில் இருக்கிறது. தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது. எழுத வராதவர் கணக்கிலேயே இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வு அன்று ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் வரவில்லை என்ற செய்தி சட்டமன்றம் வரைக்கும் போனது. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிப் பக்கமே வராதவர்கள், பிளஸ் ஒன்னில் தேறாமல் நின்றுபோனவர்கள், வேலைக்குப் போய்விட்டவர்கள் என எல்லாருடைய பெயரும் நாமினல் ரோலில் இருந்தது, ஆள்தான் இல்லை. மே மாதம் ரிசல்ட் வந்தபோது தேர்ச்சி 94.03 என்று அறிவித்தார்கள். அந்த 50 ஆயிரத்தையும் வகுக்கும் எண்ணில் சேர்த்தால் அது 89-ஐ ஒட்டி இறங்கிவிடும். ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, ஒரே தேர்வு. யாரை எண்ணுகிறோம் என்பதில் மட்டும் ஐந்து புள்ளி.

மாநில அளவில் தெரிந்த இந்த ஓட்டை பள்ளி அளவில் இன்னும் பெரிது. எட்டாம் வகுப்பு வரை இங்கே யாரையும் நிறுத்துவதில்லை. ஒன்பதாம் வகுப்பில்தான் முதல் வடிகட்டல். அரையாண்டில் மூன்று பாடங்களில் ஒற்றை இலக்கம் வாங்கிய பையனின் அப்பாவை வரச்சொல்லி, "டி.சி. வாங்கிக்கிட்டுப் போங்க, பிரைவேட்டா எழுதிக்கலாம்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. தனியார் பள்ளிகளில் இது வெளிப்படை. அரசு உதவி பெறும் பள்ளிகள் சிலவற்றில் மறைவாக. அரசுப் பள்ளிகளில் அபூர்வமாக. அரசுப் பள்ளி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது என்பதால், மற்ற இடங்களில் டி.சி. வாங்கியவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேர்வது அங்கேதான். இப்படி ஒரு பிள்ளை இடம் மாறும்போது அனுப்பிய பள்ளியின் சதவீதம் ஏறுகிறது, ஏற்றுக்கொண்ட பள்ளியின் சதவீதம் இறங்குகிறது. யாரும் ஒரு பாடம்கூடக் கூடுதலாகக் கற்பிக்கவில்லை.

இதற்கு ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பள்ளிகளிலும் ஐம்பது ஐம்பது பேர். முதல் பள்ளி எட்டுப் பேரைக் கழற்றிவிட்டு 42 பேரைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அனுப்புகிறது, 42 பேரும் தேறுகிறார்கள், நூறு சதவீதம், பள்ளி வாசலில் பிளக்ஸ். இரண்டாம் பள்ளி ஐம்பது பேரையும் அனுப்புகிறது; 45 பேர் தேறுகிறார்கள்; 90 சதவீதம்; விளக்கக் கடிதம். ஒன்பதாவதில் உட்கார்ந்த ஐம்பது பேரைக் கொண்டு பார்த்தால் முதல் பள்ளி 84, இரண்டாம் பள்ளி 90.

சின்னப் பள்ளிகளுக்கு இன்னொரு தொல்லை. 25 பேர் எழுதும் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நான்கு புள்ளி. ஒருவனுக்குத் தேர்வு நாளில் காய்ச்சல், ஒருத்திக்குக் கல்யாணப் பேச்சு, இன்னொருவன் அப்பாவோடு கரும்பு வெட்டப் போனான். நூறு 88 ஆகிவிடும். அடுத்த ஆண்டு அப்படி எதுவும் நடக்காவிட்டால் மீண்டும் நூறு. நடுவில் ஆசிரியர்களுக்கு ஒரு நோட்டீஸும் ஒரு பாராட்டு விழாவும். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பள்ளிகளின் மதிப்பெண்களை ஆராய்ந்த தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டெய்கர் இருவரும் 2002-ல் காட்டியதும் இதைத்தான்: பட்டியலின் உச்சியில் சின்னப் பள்ளிகள் அளவுக்கு மீறித் தென்படும், அடியிலும் அவையே தென்படும். பள்ளியின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. எண்ணிக்கை குறைந்தால் ஊசலாட்டம் கூடும், அவ்வளவே. ஓராண்டு ரிசல்ட்டை வைத்துச் சின்னப் பள்ளியை எடைபோடுவது நாணயம் சுண்டுவதற்குச் சமம். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் பாதித் தொல்லை தீரும். அதைச் செய்ய ஒரு கால்குலேட்டர் போதும், செய்வதுதான் இல்லை.

அரசுப் பள்ளி என்று ஒரே பெயரில் சொல்கிறோமே, அதற்குள்ளேயே எத்தனை வகை. பள்ளிக்கல்வித் துறைப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளி, மலைகளில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, வனத்துறைப் பள்ளி. ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் அப்பா அம்மா இருவரும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பள்ளியை மாவட்டத் தலைநகரின் பள்ளியோடு ஒரே பட்டியலில் போடுகிறோம். போதாக்குறைக்கு 2021-க்குப் பிறகு மாவட்டந்தோறும் அரசு மாதிரிப் பள்ளிகள் வந்திருக்கின்றன. தேர்ந்தெடுத்த மாணவர்களைச் சேர்த்து விடுதியோடு நடத்தும் பள்ளிகள். ஐ.ஐ.டி. வரைக்கும் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் அது பெரிய மாற்றம், குறைசொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் ஒன்றியத்தில் முதல் மதிப்பெண் எடுக்கக்கூடிய ஐந்தாறு பேரைப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து எடுத்துச் சென்ற பிறகு, அந்தப் பள்ளிகளில் முதல் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று கேள்வி கேட்பது நியாயமா?

மாவட்டப் பட்டியலைப் பார்த்தால் இந்த விவாதம் இன்னும் சுவையாகிறது. விருதுநகர் என்றாலே பிளஸ் டூவில் முதலிடம் என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. 2017, 2018, பிறகு 2023 என அண்மைக் காலத்திலும் அது முதலிடத்துக்கு வந்திருக்கிறது. மகமைப் பணமும் வீட்டுக்கு வீடு வாங்கிய பிடியரிசியும் கொண்டு ஊர்க்காரர்களே பள்ளி நடத்திய பழக்கம் அங்கே நூறாண்டுக்கும் மேலானது. காமராசர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலை அப்படி வளர்ந்த பள்ளி. ஆகவே விருதுநகரின் சதவீதத்தில் கல்வித் துறையின் உழைப்பு எவ்வளவு, ஊரின் பழக்கம் எவ்வளவு என்று பிரிப்பது எளிதில்லை. இதற்கு நேர் எதிரான கேள்வியை அரியலூரும் பெரம்பலூரும் எழுப்புகின்றன. சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலையும் மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் உள்ள வட்டாரம். பணக்கார மாவட்டங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2022 பிளஸ் டூவில் பெரம்பலூர் 97.95 எடுத்து முதலிடம், 2023 பத்தாம் வகுப்பில் 97.67 எடுத்து முதலிடம். 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர் 97.31, 2025 பிளஸ் டூவில் 98.82; இரண்டிலும் முதலிடம். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை முதலான வட மாவட்டங்கள் பட்டியலின் கீழ்ப்பாதியை விட்டு நகர்வதே கடினமாக இருக்கிறது.

வறுமைதான் ரிசல்ட்டைத் தீர்மானிக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு அரியலூர் நல்ல மறுப்பு. எனக்குத் தோன்றும் ஒரு விளக்கம் அளவு. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரின் மக்கள்தொகை 5.65 லட்சம், மாநிலத்திலேயே சிறிய மாவட்டம். அரியலூர் 7.5 லட்சம். ஒரு முதன்மைக் கல்வி அலுவலர் தன் மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிற அளவு. எந்தப் பள்ளியில் எந்தப் பையன் கணக்கில் தடுமாறுகிறான் என்பது வரை கீழே இறங்கிப் பார்க்கலாம். பெரிய மாவட்டமான திருவள்ளூரில் அது நடக்காது. ஆனால் நீலகிரியும் சின்ன மாவட்டம்தான். அண்மை ஆண்டுகளில் அது முதலிடத்துக்கு வரவில்லை. அதனால் இந்த விளக்கத்தையும் பாதி அளவுக்கு மேல் நம்ப வேண்டாம்.

பிள்ளையின் வீடா, பள்ளியா என்ற சண்டை உலகத்துக்கே பழையது. 1966-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து, மதிப்பெண் வித்தியாசத்துக்குப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே பெரிய காரணம் என்றார். பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று அதை வாசித்தவர்கள் பலர். 1979-ல் மைக்கேல் ரட்டரும் கூட்டாளிகளும் லண்டனின் பன்னிரண்டு பள்ளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, ஒரேமாதிரிப் பிள்ளைகள் வந்து சேரும் பள்ளிகளுக்குள்ளேயே வருகை, நடத்தை, தேர்வு எல்லாவற்றிலும் கணிசமான வித்தியாசம் இருப்பதைக் காட்டினார்கள். வீடு பெரிது, பள்ளியும் சின்னதில்லை. நம் பலகையில் இரண்டும் ஒரே எண்ணுக்குள் கரைந்து கிடக்கின்றன.

கரைத்த எண்ணை வைத்து ஆளை விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளி வாரியாகத் தரப்பட்டியல் வெளியிட்டார்கள். ஐந்து பாடங்களில் 'சி' கிரேடோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்பதே முக்கிய அளவு. பள்ளிகள் உடனே 'சி'க்கும் 'டி'க்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கின. 'ஏ' எடுப்பவருக்கு உதவி தேவையில்லை. 'எஃப்' எடுப்பவரால் பட்டியலுக்குப் பயனில்லை. அமெரிக்காவின் அட்லான்டா நகரில் விபரீதம் இன்னும் முற்றியது: மாணவர்களின் விடைகளை ஆசிரியர்களே மாற்றி எழுதினார்கள் என்று 2011-ல் வந்த விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களையும் முதல்வர்களையும் சுட்டியது.

நம் ஊரில் 'சி', 'டி' கோட்டின் பெயர் 35. அரையாண்டுத் தேர்வு முடிந்த ஜனவரியில் எந்த அரசுப் பள்ளியிலும் மாலை ஸ்பெஷல் கிளாஸைப் போய்ப் பாருங்கள். மணி ஐந்தரை. பதினைந்து இருபது பிள்ளைகள் வராண்டாவில் தரையில் உட்கார்ந்து புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். கையில் 'மினிமம் மெட்டீரியல்' என்று ஜெராக்ஸ் எடுத்த பத்துப் பதினைந்து பக்கம். ஆசிரியர் தன் கைக்காசில் வாங்கிய சுண்டலோ பன்னோ ஒரு தட்டில். பட்டியலில் அவர்களின் பெயர் 'மெல்லக் கற்கும் மாணவர்கள்'. எல்லாரும் அரையாண்டில் இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவே எடுத்தவர்கள். எழுபது எடுத்த பெண் நான்கரைக்கே வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை எண்பத்தைந்துக்கு ஏற்றினால் பள்ளியின் சதவீதம் ஒரு புள்ளிகூட நகராது. எட்டு எடுத்தவனைப் பிப்ரவரி வரை கூப்பிடுவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். அந்த ஆசிரியரின் உழைப்பில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பதினைந்து பேரில் பலர் தேறுவது அவரால்தான். யாருக்காக உழைக்க வேண்டும் என்பதை அவருக்கு முன்பே சதவீதம் முடிவு செய்துவிட்டது, அதைத்தான் சொல்கிறேன்.

இந்த நோய்க்கு இங்கே மருந்து போடாமலும் இல்லை. 2017 மே மாதம் கே.ஏ. செங்கோட்டையன் கல்வி அமைச்சராக இருந்தபோது மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பு நிறுத்தப்பட்டது. நாளிதழின் முதல் பக்கத்தில் மைக்கைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கும் படம் அதோடு போயிற்று. சில தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே இரண்டு ஆண்டும் பிளஸ் டூவை உருப்போட வைத்ததை ஒடுக்க 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் ரேங்க் போனது. மாவட்டங்களின் ரேங்க் மட்டும் அமைச்சரின் பேட்டியிலேயே ஆண்டுதோறும் வருகிறது. மாவட்டம் கீழே போனால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு நெருக்கடி, அவர் வழியாகத் தலைமையாசிரியருக்கு, அவர் வழியாக ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு.

அப்படியானால் பள்ளி வாரி எண்களையே வெளியிடாமல் விட்டுவிடலாமே என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. அதைச் செய்து பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. வேல்ஸ் 2001-ல் தரப்பட்டியலை நிறுத்தியது; பக்கத்து இங்கிலாந்து தொடர்ந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் சைமன் பர்கெஸும் கூட்டாளிகளும் இரண்டையும் ஒப்பிட்டபோது, பட்டியல் நின்ற பிறகு வேல்ஸ் பள்ளிகளின் செயல்பாடு இங்கிலாந்தோடு பார்க்கையில் சரிந்திருப்பதைக் கண்டார்கள். அந்தச் சரிவு அதிகம் தெரிந்தது அடிநிலைப் பள்ளிகளில். யாரும் பார்க்காத பள்ளியில் ஏழைப் பிள்ளைதான் முதலில் கைவிடப்படுகிறது. தேர்ச்சி சதவீதத்தைத் தூக்கி எறிய முடியாது என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். இத்தனை கோளாறு இருந்தும், நாற்பது சதவீதத்துக்கு இறங்கிய பள்ளியில் ஏதோ கெட்டுக் கிடக்கிறது என்பதை அந்த எண் தப்பாமல் காட்டிவிடும்: கணக்கு ஆசிரியர் பணியிடம் ஓராண்டாகக் காலி, தலைமையாசிரியர் மாற்றலில் போய் ஆள் வரவில்லை, இப்படி ஏதாவது.

மாற்றுவழி, பிள்ளை எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தது என்பதை அளப்பது. இங்கிலாந்து 2016 முதல் அதைத்தான் செய்கிறது: தொடக்கப் பள்ளி முடிவில் ஒரேமாதிரி மதிப்பெண் எடுத்தவர்கள் நாடு முழுவதும் சராசரியாக எவ்வளவு எடுக்கிறார்கள், இந்தப் பள்ளியில் படித்தவர்கள் அதைவிடக் கூடவா குறையவா என்று பார்க்கிறார்கள். அதிலும் தகராறு உண்டு. தொடக்க மதிப்பெண் வேண்டும். கொரோனா காலத்தில் தொடக்கப் பள்ளித் தேர்வு நடக்காததால் 2025, 2026 இரண்டு ஆண்டுகளுக்கு அந்த அளவையே போட முடியாத நிலை. பெற்றோரின் வறுமையையும் கணக்கில் சேர்க்கலாமா என்பது இன்னொரு தகராறு. இதற்கு முன்பிருந்த ஓர் அளவில் 2006 முதல் சில ஆண்டுகள் அதையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஏழைப் பிள்ளையிடம் குறைவாக எதிர்பார்ப்பதை அது நியாயப்படுத்துகிறது என்று அடுத்து வந்த அரசு எடுத்துவிட்டது. என் கருத்து: தலைமையாசிரியரை எடைபோடும்போது சேர்க்க வேண்டும், பெற்றோருக்குக் காட்டும்போது இரண்டையும் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் ஒவ்வொரு மாணவரின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் இருக்கின்றன. எமிஸ் என்ற கல்வித் துறைத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்குப் போனது, எப்போது நின்றது என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. பத்தாம் வகுப்பில் 500-க்கு 230 எடுத்த பிள்ளைகள் மாநில அளவில் பிளஸ் டூவில் சராசரியாக எவ்வளவு எடுக்கிறார்கள், இந்தப் பள்ளிக்கு வந்தவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கை ஒரு வாரத்தில் போட்டுவிடலாம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேர்வுக்கூடம் வரை வந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டால் டி.சி. கொடுத்துச் சதவீதம் ஏற்றும் வித்தை எடுபடாது. போன பிள்ளை அனுப்பிய பள்ளியின் கணக்கிலேயே நிற்கும்.

தேறியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதும் இப்போது அரசின் கையில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. எந்தப் பள்ளியில் படித்தவர்கள் கல்லூரி மூன்றாம் ஆண்டிலும் அந்தப் பணத்தைப் பெறுகிறார்கள் என்று பார்த்தால், எந்தப் பள்ளி பிள்ளைகளை வெறுமனே தேற வைத்தது, எது படிக்க வைத்தது என்பது ஓரளவு புலப்படும். 2020-ல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் எந்தப் பள்ளிக்கு எத்தனை இடம் என்று எண்ணுவதைவிட இது ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடும் அளவு. மருத்துவ இடம் செய்தியாகிறது. மூன்றாம் ஆண்டு பி.காம். செய்தியாவதில்லை.

பெற்றோருக்கு இந்தக் கணக்கெல்லாம் வந்து சேரும்வரை வேறு வழி வேண்டும். பள்ளிக்கூடத்தில் கேட்கத் தெரிந்தால் பலகையைவிட நல்ல பதில் கிடைக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது எல்லாப் பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை பி.டி.ஏ. சம்பளத்தில் ஒருவர் வந்து போகிறாரா? போன ஆண்டு தேறாதவர்கள் துணைத் தேர்வு எழுதினார்களா, அதற்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? கடைசிக் கேள்விக்குத் தலைமையாசிரியர் பெயர் சொல்லிப் பதில் சொன்னால், சதவீதம் 88 ஆக இருந்தாலும் என் வீட்டுப் பிள்ளையை அங்கே சேர்க்கத் தயங்க மாட்டேன்.

தொடங்கிய இடத்திலிருந்து அளக்கும் கணக்குக்குத் திரும்பினால், பத்தாம் வகுப்புக்கான தொடக்கப் புள்ளிதான் இதுவரை இல்லாமல் இருந்தது. 2025 பிப்ரவரியில் மாநிலத் திட்டக் குழு நடத்திய அடைவுத் தேர்வில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 9.8 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். பாடப்புத்தகத்தை உருப்போட்டுத் தப்பிக்க முடியாதபடி, பள்ளிக்கு மதிப்பெண் போட எந்தத் தூண்டுதலும் இல்லாதபடி நடந்த தேர்வு. அன்று எட்டாம் வகுப்பில் அதை எழுதியவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வருவது 2027 மார்ச்சில். இரண்டு பட்டியலையும் எமிஸ் எண்ணால் இணைத்து, நடுவில் காணாமல் போனவர்களையும் விடாமல் எண்ணினால், அதே ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளை முதன்முறையாக ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு இன்னும் ஓர் அரசாணை வேண்டும்.